மூன்று ஏக்கர் தேயிலையும் ஐம்பத்தொரு கேள்விகளும்

கோத்தகிரியிலிருந்து கொடநாடு செல்லும் சாலைக்குக் கீழே, சரிவில், அப்பா விட்டுச்சென்ற மூன்று ஏக்கர் தேயிலை எங்களுக்கு இருக்கிறது. அவர் இருந்தவரை அதைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. அவர் போன பிறகு தம்பி சென்னையிலும் தங்கை திருப்பூரிலும் நான் கோயம்புத்தூரிலுமாக இருக்க, அம்மா மட்டும் அந்த வீட்டில் தங்கிவிட்டார். தோட்டத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடும் பொறுப்பு, நான்தான் அருகில் இருக்கிறேன் என்ற ஒரே காரணத்தால், என் தலையில் விழுந்தது. தேயிலையாகவே வைத்துப் பறித்துக்கொண்டிருப்பது, பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிய ரகம் நடுவது, கேரட் போடுபவர்களுக்குக் குத்தகைக்கு விடுவது, விற்றுவிடுவது என நான்கு வழிகள் பேச்சில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் குடும்பத்தில் ஒரு வழக்கறிஞர் இருந்தார். தம்பி விற்கச் சொன்னான். தங்கை குத்தகை என்றாள். அம்மா எதுவும் சொல்லாமல் இருந்தார். அதை நாங்கள் எல்லோரும் சம்மதம் என்று அவரவர் வசதிக்கு எடுத்துக்கொண்டோம்.

இப்படிப்பட்ட முடிவுகளை அறிவியல் முறையில் எடுத்துத் தருவதாகச் சொன்ன ஓர் ஆலோசகரை அலுவலக நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்தினார். கட்டணம் 40,000 ரூபாய். அந்தத் தொகை எனக்குப் பெரியதுதான் என்றாலும், தொலைபேசியில் ஒவ்வொரு இரவும் தம்பியோடும் தங்கையோடும் வாதாடிக் களைத்திருந்த எனக்கு, எங்கள் மூவரையும் விட மேலான ஒன்று தீர்ப்புச் சொல்லிவிட்டால் போதும் என்ற ஆசை இருந்தது. இந்த முறைகளைப் பற்றி முன்பே யாராவது எனக்கு விளக்கியிருந்தால் அந்த ஆசையின் மதிப்பு என்ன என்று தெரிந்திருக்கும். அதை இப்போது வேறு யாருக்காவது சொல்லிவைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர் பயன்படுத்தியது ஏ.எச்.பி. (Analytic Hierarchy Process) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முறை. அமெரிக்கக் கணித அறிஞர் தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கியது. உலகெங்கும் அரசுத் துறைகளும் நிறுவனங்களும் இன்றுவரை பயன்படுத்துவது. அதன் அடிப்படை எளிமையானது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒப்பிடச் சொல்லாமல், இரண்டிரண்டாக எடுத்து, எது எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 9 வரையான அளவில் கேட்பார்கள். 1 என்றால் இரண்டும் சமம், 3 என்றால் ஒன்று சற்றே முக்கியம், 5 என்றால் நன்றாகவே முக்கியம், 9 என்றால் மற்றதோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு முக்கியம். அந்த விடைகளிலிருந்து, வருமானம், மண் பாதுகாப்பு போன்ற ஒவ்வொரு அளவுகோலுக்கும் அது எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும் ஓர் எடையும், ஒவ்வொரு வழிக்கும் ஒரு மதிப்பெண்ணும் கணக்கிடப்படும். எங்களுக்கு ஆறு அளவுகோல்கள் வைத்தார். ஆறை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 15 கேள்விகள். பிறகு ஒவ்வொரு அளவுகோலின் கீழும் நான்கு வழிகளை இரண்டிரண்டாக ஒப்பிட ஆறு கேள்விகள், ஆறு அளவுகோலுக்கும் சேர்த்து 36. ஆக மொத்தம் 51 கேள்விகளுக்கு ஒரே பிற்பகலில் விடை சொல்ல வேண்டியிருந்தது. முதல் பத்துக் கேள்விகளுக்கு யோசித்து விடை சொன்னேன். அதன் பிறகு, மண் அரிப்பின் நோக்கில் மறுநடவை விடக் குத்தகை எத்தனை மடங்கு மோசம் என்பது போன்ற கேள்விகளுக்கு, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே போனேன். அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள் என்று இப்போது நினைக்கிறேன். ஆகவே, இந்த முறையை யாராவது பரிந்துரைத்தால் முதலில் கேள்விகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். முப்பதைத் தாண்டினால் அளவுகோல்களைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது பல நாட்களில் பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள்.

விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்று பார்க்க இந்த முறையிலேயே ஒரு சோதனை உண்டு. வருமானம் மண் பாதுகாப்பைவிட இரு மடங்கு முக்கியம், மண் பாதுகாப்பு கூலிச் செலவைவிட மூன்று மடங்கு முக்கியம் என்று சொன்னவர், வருமானம் கூலிச் செலவைவிட ஆறு மடங்கு முக்கியம் என்றுதான் சொல்ல வேண்டும். களைப்பில் நான் அதற்கும் இரண்டு என்று சொல்லியிருந்தேன். இந்த மூன்றை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் முரண் விகிதம் ஏறக்குறைய 0.117 வருகிறது, சாட்டி வகுத்த எல்லை 0.10. எல்லையைத் தாண்டினால் விடைகளைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதுதான் முறை. எங்கள் ஆலோசகர் திரும்பக் கேட்கவில்லை. அறிக்கையின் பின்னிணைப்பில் இருந்த அட்டவணையை வெகுநாள் கழித்துப் பொறுமையாகப் பார்த்தபோதுதான், நான் சொன்ன 2 அங்கே 5 ஆக மாறியிருந்ததைக் கண்டேன். விகிதம் எல்லைக்குள் வருவதற்காகச் சில எண்களைச் சரிசெய்ததாக, அது ஒன்றும் பெரிய செய்தி இல்லை என்பது போலச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத வேண்டாம். என் மனதில் இருப்பதை அளப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, அளவு ஒத்துவரவில்லை என்று என் மனதைத் திருத்தி எழுதுவது என்ன அறிவியல்? எந்த அறிக்கை வந்தாலும், நீங்கள் சொன்ன மூல விடைகளை உங்கள் கையெழுத்தோடு ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: முரண் விகிதம் குறைவாக இருப்பது விடைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதை மட்டுமே காட்டும், அவை சரியானவை என்பதைக் காட்டாது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி தவறாக நினைப்பவருக்கு விகிதம் பூஜ்யமாகவே வரும்.

குடும்பமாக முடிவெடுப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. தம்பியிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகக் கேள்விகள் கேட்கப்பட்டன. மண் பாதுகாப்பைவிட வருமானம் ஐந்து மடங்கு முக்கியம் என்று தம்பி சொல்லியிருந்தான். அம்மா அதை அப்படியே திருப்பி, மண்தான் ஐந்து மடங்கு முக்கியம் என்று சொல்லியிருந்தார். பலருடைய விடைகளைச் சேர்க்கும்போது இந்த முறையில் பெருக்கல் சராசரி எடுப்பார்கள். 5ஐயும் ஐந்தில் ஒன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1 வரும். கூட்டல் சராசரி எடுத்திருந்தால் 2.6 என்று வந்து தம்பியின் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதால், கணக்கு என்ற அளவில் பெருக்கல் சராசரிதான் நியாயமானது. ஆனால் அறிக்கையில் என்ன ஆயிற்று? எங்கள் குடும்பம் வருமானத்தையும் மண் பாதுகாப்பையும் சமமாகக் கருதுகிறது என்று அச்சாகி வந்தது. எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட அப்படிக் கருதவில்லை. நாங்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டிய ஒரே சண்டையை அந்த 1 மறைத்துவிட்டது. சராசரியைப் பார்ப்பதற்கு முன்பு, ஒவ்வொருவருடைய எடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; எங்கே விலகல் அதிகமோ அங்கேதான் பேச வேண்டியது இருக்கிறது.

அந்த ஆறு அளவுகோல்களிலும் கோளாறு இருந்தது. ஆண்டு வருமானம், லாப விகிதம், சந்தை விலை நிலவரம் என்று மூன்று தனித்தனியாக இருந்தன. மூன்றும் ஒரே பணத்தின் மூன்று பெயர்கள். தேயிலையில் நிகர வருமானத்தைக் கணக்கிடும்போது பறிப்புக் கூலியைக் கழித்த பிறகு, கூலிச் செலவு என்று நான்காவதாக ஒன்றும் இருந்தது. ஆறில் நான்கு பணத்தைப் பற்றியதாக இருந்தால், எடைகளை எவ்வளவு நேர்மையாகக் கேட்டாலும் பணமே ஜெயிக்கும். மண்ணுக்கு ஒன்று, அம்மா அங்கே தொடர்ந்து இருப்பதற்கு ஒன்று, அவ்வளவுதான். பட்டியலில் உள்ள இரண்டு அளவுகோல்களில் ஒன்று கூடும்போது மற்றொன்றும் தானாகவே கூடுமானால் அவற்றில் ஒன்றை அடித்துவிட வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். எண்களும் அப்படியே. பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. அது மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் விலை அதைவிட வேகமாக ஏறி இறங்கும். அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே ஓர் எண் இருந்தது. தாழ்ந்த விலை, வழக்கமான விலை, உயர்ந்த விலை என்று மூன்றையும் வைத்துத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இறுதி அறிக்கையில் குத்தகை 0.31, விற்பனை 0.27, தேயிலை 0.24, மறுநடவு 0.18 என்று வந்திருந்தது. தங்கை மகிழ்ந்தாள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. விற்பதற்கு அம்மா கையெழுத்துப் போட மாட்டார் என்பது அதற்குள் தெளிவாகியிருந்ததால், விற்பனையை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் என்ன வரும் என்று கேட்டேன். அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். ஆகவே நானே எக்செல்லில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு அளவுகோலின் மதிப்பெண்ணையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டும், ஏ.எச்.பி.யை விட எளிமையான எடையிட்ட கூட்டல் முறையில், வருமானம், மண் பாதுகாப்பு என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். தேயிலையில் ஆண்டுக்கு நிகரமாக 75,000 ரூபாய், குத்தகையில் 1,20,000 ரூபாய். மண் பாதுகாப்புக்குப் பத்துக்குத் தேயிலைக்கு 8, குத்தகைக்கு 3. வருமானத்துக்கு 0.55, மண்ணுக்கு 0.45 என்று எடை கொடுத்தேன். ஒவ்வொரு அளவுகோலிலும் சிறந்ததற்கு 1, மோசமானதற்கு 0 என்று மாற்றினால், குத்தகைக்கு 0.55, தேயிலைக்கு 0.45. குத்தகை முந்துகிறது. இப்போது விற்பனையை மூன்றாவதாகச் சேர்த்தேன். 60 லட்சத்துக்கு விற்று 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். மண் பாதுகாப்பில் வாங்குபவர் என்ன செய்வார் என்று தெரியாததால் நடுவில் 5. உடனே வருமானத்தின் வீச்சு 75,000 முதல் 4,20,000 வரை நீண்டுவிட்டது. அந்த நீளத்தில் குத்தகையின் கூடுதல் 45,000 ரூபாய் வெறும் 0.13 ஆகச் சுருங்கியது. குத்தகையின் மொத்த மதிப்பெண் 0.07, தேயிலைக்கு அதே 0.45. தோட்டத்தில் ஒரு செடிகூட மாறவில்லை, எடைகள் மாறவில்லை. யாரும் தேர்ந்தெடுக்கப் போகாத ஒரு வழியைப் பட்டியலில் எழுதியதாலேயே குத்தகையும் தேயிலையும் இடம் மாறிக்கொண்டன.

நான் கணக்கில் ஏதோ பிசகிவிட்டேன் என்றே முதலில் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோது இது துறையில் நீண்ட நாளாக விவாதிக்கப்படும் செய்தி என்று தெரிந்தது. ஏற்கெனவே உள்ள ஒரு வழியின் நகலை இன்னொரு வழியாகச் சேர்த்தாலே ஏ.எச்.பி.யில் வரிசை மாறக்கூடும் என்று வலேரி பெல்டன், டோனி கியர் இருவரும் 1983லேயே காட்டியிருக்கிறார்கள். ஏ.எச்.பி.யிலிருந்து வேறுபட்டு, சிறந்த கற்பனை வழிக்கு எவ்வளவு அருகில், மோசமான கற்பனை வழியிலிருந்து எவ்வளவு தொலைவில் என்று தூரத்தை அளக்கும் டாப்சிஸ் என்ற முறையை ஹுவாங், யூன் என்ற இருவர் 1981ல் வெளியிட்டார்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். அது மூன்றாவது ஒரு வரிசையைக் கொடுத்தது. அந்த இரவு நான் உண்மையிலேயே அழுதேன். பிறகு யோசித்தபோது, முறைக்கு முறை வரிசை மாறுவதுதான் எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான தகவல் என்று தோன்றியது: அந்த வழிகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றன, எண்களால் அவற்றைப் பிரிக்க முடியாது.

எடைகளைப் பற்றி நான் கற்றதில் பயனுள்ளது இதுதான். வருமானம் முக்கியமா, மண் முக்கியமா என்று பொதுவாகக் கேட்டால் அதற்கு விடையே கிடையாது. எவ்வளவு வருமானம், எவ்வளவு மண் என்று கேட்க வேண்டும். 75,000லிருந்து 1,20,000க்கு ஏறுவது முக்கியமா, அந்தச் சரிவில் தேயிலை வேர் இருப்பது முக்கியமா என்று கேட்டால்தான் மனிதர்களால் விடை சொல்ல முடியும். வீச்சு மாறினால் எடையையும் புதிதாகக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை அம்மாவிடம் அப்படிக் கேட்டபோது அவர் எங்களிடம் அதுவரை காத்த மௌனம் உடைந்தது. “அந்த வேரு புடிச்சு வெச்சிருக்கிற மண்ணு கண்ணு அது. கீழ நாலு வீடு இருக்குது. நாப்பத்தஞ்சாயிரத்துக்காக மழைக்காலம் பூரா நான் ராத்திரி தூங்காம கெடக்கணுமா?” என்றார். 2009 நவம்பர் மழையில் நீலகிரி மாவட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நேரில் பார்த்த தலைமுறை அவருடையது. தேயிலைச் செடிகள் தரையை ஆண்டு முழுவதும் மூடியிருக்கும். கேரட்டுக்கு ஒவ்வொரு போகத்துக்கும் மண்ணைக் கிளற வேண்டும், கிழங்கைப் பிடுங்கும்போது மறுபடியும் கிளற வேண்டும். வடகிழக்குப் பருவமழை அந்த வெற்று மண்மீது விழும்.

கூட்டல் முறைகளின் அடிப்படைக் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. அவற்றில் எந்தக் கேட்டையும் போதுமான பணத்தால் ஈடுகட்டிவிடலாம். குத்தகைத் தொகை இரு மடங்கானால் மண்சரிவும் ஏற்கத்தக்கதாகிவிடும். பிரான்ஸில் பெர்னார்டு ராய் 1960களில் உருவாக்கிய எலெக்டர் என்ற முறையில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்: ஏதாவது ஓர் அளவுகோலில் ஒரு வழி மிக மோசமாக இருந்தால், மற்ற எல்லாவற்றிலும் அது சிறப்பாக இருந்தாலும், அதை மேலே வைக்கவிடாமல் தடுக்கும் உரிமை அந்த அளவுகோலுக்கு உண்டு. அந்த முறை முழுவதையும் கற்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. கணக்குப் போடுவதற்கு முன்பாகவே, எதை எந்தப் பணத்துக்கும் ஏற்க மாட்டோம் என்று ஒரு தாளில் எழுதி, அதில் சிக்கும் வழிகளை அடித்துவிட்டால் போதும். நாங்கள் இரண்டு எழுதினோம்: வீடுகளுக்கு மேலே உள்ள சரிவில் மண்ணைக் கிளறக்கூடாது; அம்மா இருக்கும்வரை தோட்டம் எங்கள் பெயரில் இருக்க வேண்டும். விற்பனையும், மூன்று ஏக்கரையும் குத்தகைக்கு விடுவதும் அந்த நிமிடமே போய்விட்டன. மறுநடவும் போயிற்று; இளஞ்செடி ஒழுங்காகப் பறிப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், அதுவரை தரை வெறுமையாக இருக்கும் என்பதால்.

மிஞ்சியது தேயிலை மட்டும். இவ்வளவு செலவு செய்து தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோமே என்று சோர்ந்திருந்தபோது, அப்பா காலத்திலிருந்து எங்களிடம் இலை பறிக்க வரும் அக்கா ஒருவர், சாலையோரத்தில் மட்டமாக இருக்கும் அரை ஏக்கரில் செடிகள் பாதி செத்துக் கிடக்கின்றனவே, அதை மட்டும் கேரட்டுக்கு விட்டால் என்ன என்று கேட்டார். ஆறு அளவுகோல்களும் ஐம்பத்தொரு கேள்விகளும் அந்த வழியைக் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் இந்த முறைகள் எல்லாமே கொடுத்த பட்டியலை வரிசைப்படுத்துபவை. பட்டியலில் இல்லாததை அவை அறியா. ரால்ஃப் கீனி என்ற அமெரிக்க அறிஞர் 1992ல் இதைத்தான் வலியுறுத்தினார்: முதலில் நமக்கு என்ன வேண்டும் என்று எழுதி, அதிலிருந்து வழிகளை உருவாக்க வேண்டும், கைக்கு வந்த வழிகளை வைத்துக்கொண்டு தேர்வு செய்யத் தொடங்கக்கூடாது. வருமானமும் வேண்டும், சரிவில் கிளறவும் கூடாது என்று எழுதியிருந்தால், மட்டமான இடம் எங்கே என்ற கேள்வி தானே வந்திருக்கும்.

அந்த அரை ஏக்கருக்கு ஆண்டுக் குத்தகை 25,000 ரூபாய் பேசினோம். மற்ற இரண்டரை ஏக்கரில் தேயிலை நிகரமாக 62,500 தருமென்று கணக்கிட்டோம், ஆக 87,500. தேயிலை மட்டும் வைத்திருப்பதைவிட 12,500தான் கூடுதல். தம்பிக்கு இது சிரிப்பாக இருந்தது. ஆனால் இந்த முடிவு எந்த எடையைத் திருப்பினாலும் அசையவில்லை. ராபின் டாஸ் என்ற உளவியல் அறிஞர் 1979ல் காட்டியபடி, சமமான எடைகளே பல நேரங்களில் நுணுக்கமான எடைகளுக்கு நிகராக வேலை செய்கின்றன என்பதால், முதலில் எல்லாவற்றுக்கும் சம எடை வைத்துப் பார்த்தேன். பிறகு வருமானத்துக்கு எடை கூட்டிக்கொண்டே போனேன். நான் முன்பு போட்ட முதல் கணக்கில் 0.55 ஐ 0.50க்குக் கீழே இறக்கினாலே குத்தகை தோற்றுவிடும். எந்த எடையில் முடிவு கவிழும் என்ற அந்த ஓர் எண் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்திருந்தால், எங்களுக்குப் பல மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

இழப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் 40,000 போயிற்று. குத்தகைக்கா விற்பனைக்கா என்று தெரியாத நிலையில் கவாத்து தள்ளிப்போனது, ஆட்களை ஒழுங்காக வரச்சொல்லாததால் இலை முற்றியது, முற்றிய இலைக்கு ஃபேக்டரியில் விலை குறைந்தது. அந்த வகையில் ஏறக்குறைய 30,000. இரண்டும் சேர்ந்தால் தோட்டத்தின் ஓராண்டு வருமானத்துக்குச் சற்றே குறைவு. தங்கையோடு பேச்சு குறைந்து போனதற்கு எண் கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் இந்த முறைகள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பெஞ்சமின் பிராங்க்ளின் 1772ல் தன் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் சாதகங்களையும் மறுபக்கம் பாதகங்களையும் மூன்று நான்கு நாட்கள் எழுதி, சமமானவற்றை இருபுறமும் அடித்துக்கொண்டே வரும்படி சொன்னார். அந்த அளவுக்கு எளிமையான ஒன்றை அம்மாவும் தம்பியும் சேர்ந்தே செய்ய முடிந்தது. எக்செல்லை அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பணம் கொடுத்து ஆலோசகரை வைப்பதானால், முன்பணம் தருவதற்கு முன்பே நான்கு செய்திகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மூல விடைகள் திருத்தப்படாமல் கையில் தரப்படுமா, ஒரு வழியை நீக்கியோ சேர்த்தோ மறுபடி கணக்கிட்டுத் தருவது கட்டணத்தில் அடங்குமா, முடிவு கவிழும் எடை குறிப்பிடப்படுமா, கணக்கிட்ட கோப்பு உங்களுக்குச் சொந்தமா. குத்தகைப் பத்திரத்தில் நாங்கள் சேர்த்தவை வேறு: ஓராண்டுக்கு மட்டும், அரை ஏக்கரின் எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு சாண்கூட மேலே கிளறக்கூடாது, மண் அள்ளும் இயந்திரம் உள்ளே வரக்கூடாது, காட்டுமாடு மேய்ந்து சேதமானால் குத்தகையில் கழிவு கிடையாது. கடைசி நிபந்தனைக்குக் குத்தகைதாரர் ஒப்பவில்லை. பாதிக்குப் பாதி என்று முடிந்தது.